குஞ்சப்பனை ஏத்தத்துல மட்டும் நிக்கிற வண்டி

எங்க பிக்கப் 2004 மாடல். அப்பா செகண்ட் ஹேண்டுல வாங்கினது, அப்ப நான் பத்தாவது படிச்சுட்டு இருந்தேன், இப்ப நான்தான் ஓட்டறேன். கோத்தகிரி பக்கம் எங்களுக்கு கேரட்டு, உருளைக்கெழங்கு, கொஞ்சம் பீட்ரூட். வாரத்துக்கு மூணு நடை நாலு நடை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கணும், பக்கத்துத் தோட்டத்துக்காரங்க மூட்டையையும் சேர்த்து ஏத்திக்குவோம், திரும்பும்போது கோழி எருவோ உர மூட்டையோ ஏத்திட்டு மேல வருவோம், அதனால இந்த வண்டிக்கு இறக்கத்துலயும் லோடு, ஏத்தத்துலயும் லோடு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1800 மீட்டர் பக்கம், நடுவுல 33 கிலோமீட்டர் ரோடு. உடம்புல நோவு வச்சுக்கிட்டு எந்த இஞ்சினும் அந்த ரோட்டை ஏமாத்திட்டு ஏறிட முடியாது.

எங்க வண்டிக்கும் நோவு வந்துச்சு. ஆனா எப்பவும் இருக்காது. அங்கதான் எட்டு மாசம் போச்சு எனக்கு.

முதல் தடவை நின்னது ராத்திரி எட்டரை மணிக்கு, அந்த ரோட்டுல இருக்கிற குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி கொஞ்ச தூரம் மேல. பலாப்பழ சீசன். அந்தப் பக்கம் போய் வர்றவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல, பழ வாசம் வந்தா யானையும் வரும். செகண்ட் கியர்ல ஏறிட்டு இருந்த வண்டி இழுவை கம்மியாச்சு, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா மிதிச்ச மாதிரியே இல்ல, ரெண்டு மூணு தடவை விக்கல் எடுத்த மாதிரி குலுங்கிச்சு, அப்புறம் நின்னுடுச்சு. சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டு, செல்போன் லைட்டுல பானெட்டைத் திறந்து, ஃபில்டர் மேல இருக்கிற கை பம்ப்பை அடி அடின்னு அடிச்சேன். பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சு. வீடு வந்து சேர்ந்தேன். காலையில எடுத்தா வண்டி எதுவுமே நடக்காத மாதிரி ஓடுது. அப்பா ஓட்டிப் பார்த்துட்டு "நல்லாத்தானே இருக்கு"ன்னு சொன்னாரு.

அடுத்த ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு. அப்புறம் மறுபடியும் நின்னுச்சு.

இந்த மாதிரி வந்து வந்து போற கோளாறுல பெரிய கஷ்டம் என்னன்னா, மெக்கானிக் முன்னாடி அது வராது. பட்டறையில நிறுத்தி ஒரு மணி நேரம் ஐடில்ல விட்டாலும் வராது, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போனாலும் வராது. அதனால யாரா இருந்தாலும் எது வழக்கமா கெட்டுப்போகுமோ அதை மாத்துவாங்க. முதல்ல டீசல் ஃபில்டர். சரியாச்சுன்னு நெனச்சோம், பன்னெண்டு நாள்ல நின்னுச்சு. அப்புறம் இஞ்சினுக்குள்ள டீசலைப் பீய்ச்சுற நாலு நாசிலையும் கழட்டி டெஸ்ட் பண்ணி ரெண்டு மாத்தினோம். பத்து நாள் ஓடுச்சு. அப்புறம் நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்புற பம்ப்பையே கழட்டி பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனோம், சீல் கிட்டு, உள்ள கொஞ்சம் பார்ட்ஸ், கேலிப்ரேஷன்னு 14,000 ரூபா. வண்டி ஸ்டார்ட்டிங் உண்மையிலேயே நல்லா ஆச்சு, அந்த வேலை சுத்தமான வேலை, அவங்க மேல நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டாவது வாரம் அதே ஏத்தத்துல, முன்ன நின்ன இடத்துக்கு ரெண்டு வளைவு மேல, நின்னுச்சு. அன்னைக்கு நான் ஸ்டியரிங் மேல தலையை வச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். பின்னாடி ஒண்ணேகால் டன் எரு.

காரமடைப் பக்கம் ஒரு பெரியவர் இருக்காருன்னு மண்டியில லோடுமேன் ஒருத்தர் சொன்னாரு. எழுபது வயசு கிட்ட, லாரிப் பட்டறையில கைவேலையா கத்துக்கிட்டவர், இப்ப வீட்டு முன்னாடி வேப்பமரத்தடியில ரெண்டு மூணு வண்டி மட்டும் பார்க்கிறாரு. போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்ல. ஸ்டூல் எடுத்துப் போட்டு உக்கார வச்சுட்டு "எப்படி நின்னுச்சு கண்ணு?"ன்னு கேட்டாரு.

"ஏத்தத்துல நின்னுடுச்சுங்கய்யா."

"எங்க நின்னுச்சுன்னு கேக்கல. எப்படி நின்னுச்சு? சாவியை ஆஃப் பண்ணுன மாதிரி டக்குனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா? புகை எப்படி இருந்துச்சு?"

எட்டு மாசத்துல என்கிட்ட யாரும் இதைக் கேக்கல, நானும் யார்கிட்டயும் சொல்லல. அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியிலயே பாதி வேலை முடிஞ்சிருக்குன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. ஏன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், பழைய டீசல் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு உபயோகப்படும்.

எங்க வண்டியில கம்ப்யூட்டர் கிடையாது. இப்ப வர்ற காமன் ரெயில் வண்டின்னா, அதாவது கம்ப்யூட்டரே டீசலை அளந்து விடுற வண்டின்னா, ஸ்கேனரை மாட்டினா ரெயில் பிரஷர் என்ன, எந்த சென்சார் என்ன சொல்லுதுன்னு ஏதோ ஒரு கோடு காட்டும். இது முழுக்க மெக்கானிக்கல், ரோட்டரி பம்ப்பு, நாலு பைப்பு, நாலு நாசில், அவ்வளவுதான். அந்த பம்ப்புல ஒரே ஒரு கரண்ட் சமாச்சாரம் உண்டு, பின்பக்கம் உக்காந்திருக்கிற சோலினாய்டு. சாவி போட்டா 12 வோல்ட் போய் உள்ள இருக்கிற ஊசியைத் தூக்கி டீசலுக்கு வழி விடும், கரண்ட் போச்சுன்னா வழியை அடைச்சுடும். அதோட ஒயர் லூஸா இருந்தாலோ, சாவி ஸ்விட்ச் தேஞ்சு போயிருந்தாலோ, வண்டி குலுங்குற இடத்துல கரண்ட் விட்டுப் போகும், அப்ப இஞ்சின் சாவியைத் திருப்பின மாதிரி ஒரே நொடியில நிக்கும், விக்கல் சிக்கல் எதுவும் இருக்காது. டீசல் பத்தாம நிக்கிறது அப்படி இல்ல. முதல்ல இழுவை குறையும், அப்புறம் குலுங்கும், அப்புறம்தான் சாகும்.

புகை அடுத்தது. காத்து பத்தலைன்னா, அதாவது ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலோ டர்போ பைப்புல ஓட்டை இருந்தாலோ, டீசல் அதிகமாகி கருப்பா புகை தள்ளும். ஆயில் எரிஞ்சா நீலப் புகை. இழுவையும் இல்ல, பின்னாடி புகையும் இல்லைன்னா இஞ்சினுக்கு எரிக்கிறதுக்கே டீசல் வந்து சேரலைன்னு அர்த்தம். எனக்கு ஞாபகம் வந்துச்சு, ஒரு தடவை பின்னாடியே வந்த மினி பஸ் டிரைவர் இறங்கி வந்து "புகை கூட வரலையேப்பா, திடீர்னு ஏன் ஸ்லோ பண்ணினே"ன்னு திட்டியிருக்காரு. திட்டுன்னு நெனச்சு நான் அதைக் காதுல வாங்கல.

பெரியவர் ஒரு நோட்டு வைக்கச் சொன்னாரு. நின்ன தேதி, எந்த இடம், என்ன லோடு, எப்படி நின்னுச்சு, டீசல் எப்ப அடிச்சது, அடிச்சதுல இருந்து எத்தனை கிலோமீட்டர். "டீசல் முள்ளைப் பார்த்து எழுதாத, ஏத்தத்துல முள்ளு பொய் சொல்லும், மீட்டரைப் பார்த்து எழுது"ன்னாரு. அது சரிதான், டேங்க் சாஞ்சா உள்ள இருக்கிற மிதவையும் ஏறி இறங்கும். அப்புறம் ஒரு இண்டிகேட்டர் பல்பு எடுத்து, சோலினாய்டு ஒயர்ல இருந்து ஒரு ஒயர் இழுத்து, பல்பை டாஷ்போர்டு மேல டேப் போட்டு ஒட்டிவிட்டாரு. சாவி போட்டா பல்பு எரியும். "அடுத்த தடவை சாகும்போது வண்டியைப் பார்க்காத, பல்பைப் பாரு. பல்பு அணைஞ்சுதுன்னா ஒயரிங். எரிஞ்சுட்டே இருந்துதுன்னா அந்தப் பக்கமே நாம போக வேண்டியதில்ல." இதுக்கு அவர் வாங்கினது அறுபது ரூபா.

அதுக்கு முன்னாடி எல்லாம் வண்டி நின்னா வயித்தைக் கலக்கும். இப்ப நிக்கணுமேன்னு காத்துட்டு இருந்தேன். ஒன்பதாவது நாள் நின்னுச்சு. இஞ்சின் குலுங்குது, இழுவை போகுது, நான் அந்தச் சின்ன பல்பையே பார்த்துட்டு இருக்கேன், அது மஞ்சளா, கொஞ்சம் கூட சிமிட்டாம எரிஞ்சுட்டே இருந்துச்சு. இஞ்சின் நின்னு சத்தமெல்லாம் அடங்கின அப்புறமும் அது எரியுது.

அப்ப கரண்ட் இல்ல. டீசல்தான் வரல, இல்லைன்னா டீசலோட காத்து வருது. கை பம்ப் அடிச்சு ஏர் எடுத்தா ஸ்டார்ட் ஆகுதுன்னா காத்துதான். காத்து ஏன் இவ்வளவு பெரிய எதிரின்னா, டீசலை அழுத்தினா சுருங்காது, பம்ப் ஒரு பக்கம் தள்ளினா அடுத்த பக்கம் அப்படியே போய்ச் சேரும். நாசில் திறக்கிறதுக்கே 200 பார் பக்கம் பிரஷர் வேணும், நம்ம வண்டி டயர்ல அடிக்கிறது நாலு பார் அளவுக்குத்தான், அதை வச்சு நெனச்சுப் பாருங்க. பைப்புக்குள்ள ஒரு காத்துக் குமிழ் போயிடுச்சுன்னா பம்ப் தள்ளுற தள்ளல் எல்லாம் அந்தக் குமிழைச் சுருக்குறதுலயே தீர்ந்துடும், நாசில் வாயே திறக்காது.

ஆனா காத்து எங்க இருந்து வருது? இந்த வகை பம்ப்பு டேங்க்ல இருந்து டீசலை உறிஞ்சி எடுக்குது. உறிஞ்சுற லைன்ல ஓட்டை இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனால கீழ படுத்து எவ்வளவு பார்த்தாலும் ஈரம் தெரியாது. நாங்களும் ரப்பர் ஓஸ், கிளிப், பைப்பை இணைக்கிற பேஞ்சோ போல்ட்டுக்குப் போடுற செம்பு வாஷர் எல்லாம் மாத்தியிருந்தோம், ஒண்ணும் நடக்கல.

பெரியவர் அடுத்து பண்ணினது கேன் டெஸ்ட். அஞ்சு லிட்டர் கேன்ல சுத்தமான டீசல், அதை கேபினுக்குள்ள கிளீனர் சீட்டுப் பக்கம் அசையாம கட்டி, அதுல இருந்து நேரா ஃபில்டருக்கு ஓஸ், மிச்ச டீசல் திரும்பி வர்ற ரிட்டர்ன் பைப்பும் அதே கேனுக்கு. டேங்க், டேங்க்ல இருந்து வர்ற லைன் எல்லாத்தையும் ஒதுக்கியாச்சு. டீசலா இருக்கப் போய் இது முடியும், அதுவும் பக்கத்துல ஒரு ஆள் கேனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும், பெட்ரோல் வண்டியில இதை மனசுல கூட நெனைக்கக் கூடாது. அதே மாதிரி காமன் ரெயில் வண்டியில பழைய பழக்கத்துல இஞ்சின் ஓடும்போது நாசில் பைப்பை லூஸ் பண்ணி ஏர் எடுக்கப் போகாதீங்க, அதுல பிரஷர் ஆயிரம் பாருக்கு மேல, அந்த டீசல் தோலைக் குத்தி உள்ள இறங்கிடும்.

முழு லோடோட ஏறினோம். நிக்கல. மறுநாளும் நிக்கல. அப்ப பம்ப்பும் நாசிலும் ஃபில்டரும் நல்லா இருக்கு, கோளாறு டேங்க் பக்கம்.

இங்கதான் நோட்டை எடுத்தேன். மண்டிச் சீட்டோட பின்பக்கத்துல எழுதி ஒண்ணா கோர்த்து வச்சிருந்தேன், ஆறு சீட்டு. ராத்திரி அடுப்படியில உக்காந்து அதை வரிசையா வச்சுப் பார்த்தேன். ஒரு சீட்டு இப்படி இருக்கும்: "புதன். செக்போஸ்ட் தாண்டி மூணாவது வளைவு. எரு 22 மூட்டை. இழுத்து நின்னுச்சு. பல்பு எரியுது. டேங்க் ஃபுல் பண்ணி 268." அடுத்தது 281. அதுக்கு அடுத்தது 255. ரெண்டு சீட்டுல ஃபுல் பண்ணாம ஆயிரம் ரூபாய்க்கு அடிச்சிருக்கேன், அப்பல்லாம் சீக்கிரமே நின்னிருக்கு. ஆறாவது சீட்டு மட்டும் காரமடைப் பக்கம் சமதளத்துல நடந்தது, நிக்கல, லேசா மிஸ்ஸிங் அடிச்சுது, அன்னைக்கு டேங்க் கிட்டத்தட்ட காலி.

மலை ஏத்தத்துல எங்க வண்டி லிட்டருக்கு ஒன்பது பத்துதான் குடுக்கும். 260 கிலோமீட்டர்னா டேங்க் பாதிக்குக் கீழ இறங்குற நேரம். ஃபுல்லா இருக்கும்போது ஒரு தடவை கூட நிக்கல.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு, ஏன்னா அதோட இன்னொண்ணும் விளங்கிடுச்சு. ஒவ்வொரு தடவை ரிப்பேர் முடிச்சு வெளிய வரும்போதும் நான் முதல் வேலையா டேங்கை ஃபுல் பண்ணியிருக்கேன். டீசல் கம்மியா இருந்து நின்னுச்சோங்கிற சந்தேகமே வரக்கூடாது, புது பார்ட்டை ஒழுங்கா சோதிக்கணும்னுதான் அப்படிப் பண்ணினேன். ஃபில்டர் மாத்தினேன், ஃபுல் பண்ணினேன், சரியாச்சு. நாசில் மாத்தினேன், ஃபுல் பண்ணினேன், சரியாச்சு. பம்ப்பும் அப்படித்தான். அந்த நாளெல்லாம் வண்டியைச் சரி பண்ணினது புது பார்ட்டு இல்ல, டேங்க்ல நிறைஞ்சிருந்த டீசல். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல மேல அடிச்சுட்டே ஓட்டுவேன், ஒரு நாள் பாதிக்குக் கீழ போகும், ஏத்தம் வரும், நிக்கும்.

காலையில முதல் ஆளா போய் பெரியவர்கிட்ட சீட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா படிச்சாரு, படிச்சு முடிச்சுட்டு என் தோள்ல தட்டி "அப்ப டேங்குக்கு உள்ளயே இருக்குது"ன்னாரு.

உறுதி பண்ண ஒரு வேலை பாக்கி இருந்துச்சு. டேங்க்ல இருந்து பைப் வெளிய வர்ற வாயிலயே ஒரு ஜாண் நீளத்துக்கு கண்ணாடி மாதிரி டிரான்ஸ்பரண்ட் ஓஸ் மாட்டினாரு. டேங்க்ல அரைக்குக் கீழதான் டீசல். வீட்டுப் பக்கத்துல ஒரு சரிவு இருக்கு, அதுல முன் சக்கரம் மேல இருக்கிற மாதிரி நிறுத்தி, கல்லு வச்சு, என்னை ஆக்ஸிலேட்டரைப் பிடிச்சு மிதிக்கச் சொன்னாரு. நான் அவர் பையனை மிதிக்கச் சொல்லிட்டு கீழ போய்ப் படுத்துட்டேன், எட்டு மாசம் தேடினதை என் கண்ணால பார்க்கணும்னு. முதல்ல ஓஸுக்குள்ள டீசல் அசையுதா இல்லையான்னே தெரியாத அளவுக்குத் தெளிவா இருந்துச்சு. ஒரு நிமிஷம் போயிருக்கும். ஒரு குமிழ் வந்துச்சு, கடுகு அளவு. அப்புறம் ரெண்டு. அப்புறம் மணி கோத்த மாதிரி வரிசையா வர ஆரம்பிச்சுது, ஓஸோட மேல்பக்கத்தை ஒட்டிக்கிட்டு ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஃபில்டரைப் பார்த்துப் போகுது. இருபது லிட்டர் டீசல் ஊத்தினோம். குமிழ் நின்னுடுச்சு.

டேங்க் மேல ஒரு வட்டத் தட்டு, அஞ்சு ஸ்க்ரூ, அதுலதான் மிதவையும் உறிஞ்சுற பைப்பும் சேர்ந்து உள்ள இறங்குது. அதைக் கழட்டி வெளிய எடுத்தாரு. பைப்போட கீழ்ப்பக்கம் டீசல்லயே ஊறி பளபளன்னு இருக்கு. மேல்பக்கம் பழுப்பு. அதுக்கும் அவரே காரணம் சொன்னாரு, எங்க ஊர்ல ராத்திரி குளிர் அதிகம், அரை டேங்கோட வண்டியை வெளிய நிறுத்தினா டேங்க்ல இருக்கிற காத்து குளிர்ந்து உள்பக்கம் பூரா பனித்தண்ணி கோத்துக்கும், டீசலுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற இரும்பைத்தான் அது தின்னும். அடியில இருந்து மூணுல ஒரு பங்கு உயரத்துல, பழுப்பு ஆரம்பிக்கிற கோட்டுல, துரு கொஞ்சம் புடைச்சு இருந்துச்சு. ஹேக்ஸா பிளேடு முனையால மெதுவா சுரண்டினாரு. ஒரு செதில் உதிர்ந்துச்சு. அதுக்கடியில ஊசி முனை அளவு ஒரு கருப்புப் புள்ளி. பைப்போட கீழ்வாயை விரலால அடைச்சு, பக்கெட் தண்ணிக்குள்ள விட்டு, மேல் வாயில ஊதினாரு. புள்ளியில இருந்து நூல் மாதிரி காத்து.

எல்லாம் பொருந்திச்சு. அந்தப் பைப் டேங்கோட முன் ஓரமா இறங்குது. சமதளத்துல ஓட்டை டீசலுக்குள்ள முழுகியே இருக்கும், டேங்க் மூணுல ஒரு பங்குக்குக் கீழ போனாத்தான் வெளிய தெரியும். ஏத்தத்துல டீசல் எல்லாம் பின்னாடி சாயுது, அப்ப பாதி டேங்க் இருந்தாலே ஓட்டை காத்துல நிக்கும். இறக்கத்துல டீசல் முன்னாடி வந்து மூடிக்கும், அதனால இறங்கும்போது ஒரு நாளும் நின்னதில்ல. சும்மா ஐடில்ல ஓடினா வர்ற கொஞ்ச காத்தை பம்ப் ரிட்டர்ன்லயே தள்ளி விட்டுடும், லோடோட செகண்ட் கியர்ல நாலஞ்சு கிலோமீட்டர் தொடர்ந்து இழுக்கும்போதுதான் காத்து சேர்ந்து சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். செக்போஸ்ட் தாண்டி நின்னது இடத்தோட குணம் இல்ல, அங்க வரும்போது அது போதுமான தூரம் ஏறியிருக்கு.

பழைய பைப்பை அறுத்துட்டு அதே அளவு ஸ்டீல் பைப் வாங்கி தட்டுல பிரேசிங் பண்ணினோம், அதாவது பித்தளையை உருக்கிப் பத்த வச்சோம். தட்டைத் தனியா எடுத்துட்டுப் போய் பண்ணினது, டேங்க் பக்கம் நெருப்பே கொண்டு போகல. டேங்க் அடியில கிடந்த துருத்தூளையும் தண்ணியையும் வடிச்சு, புது கேஸ்கட் போட்டு மூடினோம். பைப்பு, பிரேசிங், கேஸ்கட் எல்லாம் சேர்த்து 480 ரூபா. பெரியவர் கூலியா ஐநூறு கேட்டாரு, நான் ரெண்டாயிரம் குடுத்தேன், ஆயிரத்தைத் திருப்பிக் குடுத்துட்டாரு. அடுத்த நடையில ஒரு சிப்பம் கேரட்டு கொண்டு போய் வீட்ல இறக்கி வச்சேன்.

அன்னைக்கு நான் டேங்கை ஃபுல் பண்ணல. கால் டேங்குக்கும் கீழ வர்ற வரைக்கும் ரெண்டு நாள் ஓட்டி, 24 மூட்டை எரு ஏத்தி, வேணும்னே சாயங்காலமா ஏறினேன், அப்பாவும் கூட வந்தாரு. ரெண்டு லிட்டர் பாட்டில் ரெண்டுல டீசல் பத்திரத்துக்கு வச்சிருந்தேன். டிரான்ஸ்பரண்ட் ஓஸை இன்னும் கழட்டல, டாஷ்போர்டு பல்பும் எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. செக்போஸ்ட் வந்துச்சு, தாண்டினோம். முதல் தடவை நின்ன வளைவு வந்துச்சு, செகண்ட் கியர், ஆக்ஸிலேட்டர் அடி வரைக்கும், இஞ்சின் சத்தம் ஒரே சீரா இருக்கு. மூணாவது வளைவு. பம்ப் சர்வீஸ் பண்ணினதுக்கு அப்புறம் நின்ன இடம். அப்பா கதவுக் கைப்பிடியைப் பிடிச்சுட்டே வந்தவர், கோத்தகிரி ஊர் வெளிச்சம் தெரிஞ்ச அப்புறம்தான் கையை எடுத்தாரு, எடுத்துட்டு, "டீக்கடை கிட்ட ஓரமா நிறுத்து, நாமளா ஒரு தடவை நிறுத்தலாம்"ன்னாரு.